பிஎச்பியில் இன்க்ளூட் பாதை: எந்த வழியை நம்பலாம்?

இரவு இரண்டு மணிக்கு ஓட வேண்டிய கிரான் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டும் சர்வர் வசதி) வேலை ஒன்று மூன்று வாரமாக ஓடவே இல்லை என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஒரு சிறிய அச்சகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம் அது. பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புவதுதான் அந்த ஸ்கிரிப்ட்டின் வேலை. பிரவுசரில் திறந்து பார்த்தால் சரியாக ஓடும். டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் போய் ஓட்டினாலும் ஓடும். கிரான் ஓட்டினால் மட்டும் முதல் வரியிலேயே நின்றுவிடும். அந்த முதல் வரி ஒரு ரெக்வயர், அதாவது இன்க்ளூட்டைப் போலவே இன்னொரு ஃபைலை உள்ளே சேர்க்கும் கட்டளை. இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, அப்புறம் கான்ஃபிக் ஃபைலின் பெயர். ‘ஒரு படி மேலே இருக்கும் கான்ஃபிக்கை எடுத்து வா’ என்று சொல்வதாக நினைத்து அதை எழுதியிருந்தேன்.

ஆனால் எதிலிருந்து ஒரு படி மேலே? நான் நினைத்தது, ‘இந்த ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து’. பிஎச்பி எடுத்துக்கொண்டது, ‘இந்த நேரத்தில் நான் நின்றுகொண்டிருக்கும் இடத்திலிருந்து’. பிஎச்பியில் பாதை எழுதும் வழிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியைப் பிரித்துப் பார்த்தால், கடைசியில் இந்த வித்தியாசத்தில்தான் வந்து நிற்கிறது.

பிஎச்பி எங்கே தேடுகிறது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்பு தேடும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தாண்டிப் போனால் பின்னால் சொல்வது எதுவும் பிடிபடாது.

பாதை சாய்கோட்டில் தொடங்கினாலோ, விண்டோஸில் டிரைவ் எழுத்தில் தொடங்கினாலோ அது முழுப்பாதை. பிஎச்பி நேரே அங்கே போகும். பாதை ஒற்றைப் புள்ளி சாய்கோட்டிலோ இரட்டைப் புள்ளி சாய்கோட்டிலோ தொடங்கினால், நடப்பு ஃபோல்டரிலிருந்து மட்டுமே கணக்கிடும். நடப்பு ஃபோல்டர் என்பது புரோகிராம் அந்த நேரத்தில் நிற்கும் இடம். இரண்டும் இல்லாமல் வெறும் ஃபைல் பெயரோ, ‘லிப் சாய்கோடு கான்ஃபிக்’ போன்ற பெயரோ கொடுத்தால், முதலில் இன்க்ளூட் பாத் என்ற அமைப்பில் வரிசையாகச் சொல்லியிருக்கும் ஃபோல்டர்களில் தேடும். அங்கே கிடைக்காவிட்டால் இன்க்ளூட் வரி எழுதப்பட்ட ஃபைலின் ஃபோல்டரிலும் நடப்பு ஃபோல்டரிலும் பார்த்துவிட்டுத்தான் கைவிரிக்கும்.

இந்த மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். ஒரு வெப்சைட்டின் மேல் ஃபோல்டரில் இன்டெக்ஸ் ஃபைல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது லிப் ஃபோல்டரில் இருக்கும் டேட்டாபேஸ் ஃபைலைச் சேர்க்கிறது. டேட்டாபேஸ் ஃபைல் தன் பக்கத்திலேயே இருக்கும் கான்ஃபிக்கை வெறும் பெயரால் சேர்க்கிறது. இது ஓடும். பிறகு ஒருநாள் வேறொருவர் மேல் ஃபோல்டரில் கான்ஃபிக் என்ற அதே பெயரில் இன்னொரு ஃபைலை வைக்கிறார். இன்க்ளூட் பாத்தில் வழக்கமாக முதலில் இருப்பது ஒற்றைப் புள்ளி, அதாவது நடப்பு ஃபோல்டர். அதனால் இனி பிஎச்பி எடுப்பது அந்தப் புது ஃபைலை. டேட்டாபேஸ் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, பிழைச் செய்தியும் வராது, ஆனால் வேறு கான்ஃபிக் ஓடிக்கொண்டிருக்கும்.

நடப்பு ஃபோல்டர் எது என்பதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெப் சர்வர் வழியாக ஓடும்போது, முதலில் அழைக்கப்பட்ட ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரை பிஎச்பி நடப்பு ஃபோல்டராக்கிக்கொள்ளும். டெர்மினலில் ஓட்டும்போது அப்படிச் செய்யாது. நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுத்தீர்களோ அதுவே நடப்பு ஃபோல்டர். கிரானில் அது பெரும்பாலும் அந்தப் பயனரின் ஹோம் ஃபோல்டர். அச்சகத்தின் ஸ்கிரிப்ட் பிரவுசரில் ஓடி, கிரானில் விழுந்ததற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

கைவிட வேண்டிய வழிகள்

புள்ளியில் தொடங்கும் பாதையைப் பற்றி இனி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஃபோல்டரில் இரண்டே ஃபைல் வைத்து எதையாவது சோதித்துப் பார்க்கலாம். நாளைக்கும் ஓட வேண்டிய எதிலும் அதை வைக்காதீர்கள்.

முழுப்பாதையை அப்படியே கையால் எழுதுவது அடுத்த வழி. ஹோம், பயனர் பெயர், பப்ளிக் எச்டிஎம்எல் என்று நீளமாக எழுதிவிடுவார்கள். எங்கிருந்து ஓட்டினாலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் அந்த சர்வரில் மட்டும்தான் ஓடும். உங்கள் லேப்டாப்பில் ஒரு பாதை, சர்வரில் ஒரு பாதை, கூட வேலை செய்பவரின் கணினியில் இன்னொரு பாதை என்று ஆனபிறகு ஒவ்வொரு முறையும் கையால் திருத்த வேண்டிவரும்.

மேல் ஃபைலில் ஒரு சிடிஆர் வரி போட்டு நடப்பு ஃபோல்டரையே மாற்றிவிடுவதும் உண்டு. பழைய கோடை அவசரமாக ஓட வைக்க உதவும். ஆனால் அந்த மாற்றம் அந்த ஓட்டம் முழுவதையும் பிடிக்கும். பின்னால் வரும் எந்த லைப்ரரியாவது மறுபடி சிடிஆர் செய்தால் உங்கள் பாதைகள் எல்லாம் அதன் பின்னால் போய்விடும்.

டாக்குமெண்ட் ரூட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம்மில் பலர் நல்ல வழி என்று நம்பி எடுப்பது இதைத்தான். சர்வர் என்ற பொதுத் தொகுப்பில், வெப்சைட்டின் மேல் ஃபோல்டரைச் சொல்லும் டாக்குமெண்ட் ரூட் என்ற மதிப்பு இருக்கும். அதன் பின்னால் ஃபைல் பெயரைச் சேர்த்தால் முழுப்பாதை கிடைத்துவிடுகிறது. ஃபைலை எந்த ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் அந்த வரி மாற வேண்டியதில்லை. இது ஒரு நிஜமான வசதிதான், மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த மதிப்பைக் கொடுப்பது வெப் சர்வர், உங்கள் புரோகிராம் அல்ல. டெர்மினலிலோ கிரானிலோ ஓட்டினால் அது வெற்றுச் சரமாக இருக்கும். அப்போது உங்கள் பாதை சாய்கோட்டில் தொடங்கி ‘லிப், கான்ஃபிக்’ என்று போகும். பிஎச்பியும் சர்வரின் அடிவேரில், அதாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஃபோல்டரில், லிப் ஃபோல்டரைத் தேடப் போய்விடும். வெப்சைட்டை ஒரு துணை ஃபோல்டருக்குள் நிறுவினாலும் கணக்குத் தப்பும். அபாச்சியில் பல தளங்களை ஒரே விதியால் நடத்தும் மாஸ் விர்ச்சுவல் ஹோஸ்டிங் அமைப்பில் இந்த மதிப்பு தளத்தின் உண்மையான ஃபோல்டராக இல்லாமல் போவதுண்டு. இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக்கும் லைப்ரரிகளும் பிரவுசர் தொட முடியாதபடி டாக்குமெண்ட் ரூட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். டாக்குமெண்ட் ரூட்டை வைத்துப் பாதை எழுதிப் பழகியவர் எல்லாவற்றையும் அதற்கு உள்ளேயே வைத்துவிடுகிறார்.

இன்க்ளூட் பாத்துக்கு ஒரு காலம் இருந்தது. 1999-ல் தொடங்கிய பியர் திட்டத்தின் லைப்ரரிகளை சர்வரில் ஒரே இடத்தில் நிறுவி, எல்லாப் புரோகிராம்களும் வெறும் பெயரால் சேர்த்துக்கொள்ள அதுதான் வழி. இன்றைக்கு ஒரே சர்வரில் ஒரு புரோகிராமுக்கு லைப்ரரியின் ஒரு பதிப்பும் இன்னொன்றுக்கு வேறு பதிப்பும் வேண்டியிருக்கிறது. அதோடு, வரிசையில் முதலில் எது கிடைக்கிறதோ அதுவே எடுக்கப்படும் என்பதால், மேலே சொன்ன கான்ஃபிக் குழப்பம் இங்கே ஃபோல்டருக்கு ஃபோல்டர் பெருகும். பட்டியலைப் பிரிக்கும் குறிகூட லினக்ஸில் முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. பழைய கோடு அதை நம்பியிருந்தால் இருக்கட்டும். புதிதாக எழுதுவதில் வேண்டாம்.

டிர் மாறிலி

இப்போது நான் பரிந்துரைக்கும் வழி. பெரிய எழுத்தில் டிர் என்று எழுதி, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டால் அது ஒரு மாயமாறிலி, அதாவது பிஎச்பியே மதிப்பை நிரப்பித் தரும் மாறிலி. எந்த ஃபைலில் அதை எழுதியிருக்கிறீர்களோ அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் முழுப்பாதைதான் அதன் மதிப்பு. 2009 ஜூன் மாதம் வெளிவந்த பிஎச்பி 5.3-ல் இது வந்தது. அதற்கு முன்பு ஃபைல் மாறிலியை டிர்நேம் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு இதே மதிப்பை எடுப்பார்கள். பழைய கோடில் அதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், பொருள் ஒன்றுதான்.

பிரவுசர், டெர்மினல், கிரான், யூனிட் டெஸ்ட் என்று எதில் ஓட்டினாலும் அதன் மதிப்பு மாறாது. யார் சேர்த்தார்கள், எங்கே நின்று ஓட்டினார்கள் என்பதை அது பார்ப்பதே இல்லை. நான் அந்த ரெக்வயர் வரியை எழுதும்போது மனதில் நினைத்தது இதைத்தான். ‘இந்த ஃபைலிலிருந்து ஒரு படி மேலே’ என்று சொல்ல வேண்டுமானால், டிர் மாறிலி, அதன் பின் மேற்கோளுக்குள் ஒரு சாய்கோடு, இரட்டைப் புள்ளி, சாய்கோடு, கான்ஃபிக்.

அந்த முதல் சாய்கோட்டை மறக்கக் கூடாது. டிர் மாறிலியின் கடைசியில் சாய்கோடு இருக்காது. விட்டுவிட்டால் ஃபோல்டர் பெயரும் ஃபைல் பெயரும் ஒட்டிக்கொண்டு, இல்லாத ஒரு பெயர் உருவாகிவிடும். பிழைச் செய்தியில் இரண்டு சொல் சேர்ந்து ஒரு விசித்திரமான ஃபோல்டர் பெயர் தெரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, மதிப்பு எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்தது, அழைத்த இடத்தைப் பொறுத்தது அல்ல. ‘பெயரைக் கொடுத்தால் ஃபைலைச் சேர்க்கிறேன்’ என்று ஒரு பொது ஃபங்ஷன் எழுதி அதற்குள் டிர் மாறிலியை வைத்தால், அது எப்போதும் அந்த ஃபங்ஷன் இருக்கும் ஃபோல்டரிலேயே தேடும். அப்படிப்பட்ட ஃபங்ஷனுக்கு முழுப்பாதையை அழைப்பவர்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தில் இருக்கும் ஃபைலையோ ஃபோல்டரையோ சுட்டும் குறுக்குவழி. டிர் மாறிலி சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து உண்மையான இடத்தைத்தான் சொல்லும். ஒரு பிளகினை வேறெங்கோ வைத்துவிட்டு, புரோகிராமுக்குள் சிம்லிங்க் மட்டும் போட்டிருந்தால், அந்தப் பிளகினிலிருந்து மூன்று படி மேலே போய்ப் புரோகிராமின் ஃபைலைத் தேடும் வரி தவறான மரத்தில் ஏறிவிடும். பிளகின் எழுதுபவர்கள் தங்கள் ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் டிர் மாறிலியால் எடுக்க வேண்டும். வெளியே இருப்பதற்கு அந்தப் புரோகிராம் கொடுக்கும் வழியைப் பயன்படுத்த வேண்டும்.

இதே குணம் இன்னொரு இடத்தில் பெரிய நன்மை. புதிய பதிப்பை ஏற்றும்போது, ஒவ்வொரு பதிப்பையும் தனி ஃபோல்டரில் வைத்து, ‘கரண்ட்’ என்ற சிம்லிங்க்கைப் புதியதற்குத் திருப்பும் முறை பரவலாக இருக்கிறது. திருப்பும் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோரிக்கை, டாக்குமெண்ட் ரூட் வழியாக ஃபைல்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால், பாதி பழைய பதிப்பிலிருந்தும் பாதி புதிய பதிப்பிலிருந்தும் எடுக்க நேரிடலாம். டிர் மாறிலியால் சேர்த்தால், தொடங்கிய பதிப்பிலேயே கடைசிவரை இருக்கும். சிம்லிங்க்கைத் திருப்பிய பிறகும் கொஞ்ச நேரம் பழைய பதிப்பே வருகிறதே என்று திகைத்தால், பிஎச்பி பாதைகளை நினைவில் வைத்திருக்கும் ரியல்பாத் கேஷ்தான் காரணமாக இருக்கலாம். அதன் இயல்பான ஆயுள் 120 நொடி.

ஒரே இடத்தில் அடிவேர்

டிர் மாறிலியின் உண்மையான குறை ஒன்றே ஒன்று. ஆழமான ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களில் இரட்டைப் புள்ளிகள் வரிசையாகச் சேரும். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0 முதல் டிர்நேம் ஃபங்ஷனுக்கு எத்தனை படி மேலே என்று எண்ணாகவே சொல்லலாம். படிக்கச் சுலபம். ஆனால் ஃபைலை இன்னொரு ஃபோல்டருக்கு நகர்த்தினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும். நாற்பது, ஐம்பது ஃபைல் உள்ள பழைய புரோகிராமை ஒழுங்குபடுத்தும்போது இது சலிப்பூட்டும்.

அதற்கு அடுத்த வழி, புரோகிராமின் மேல் ஃபோல்டரில் இருக்கும் ஒரே ஒரு ஃபைலில் டிர் மாறிலியை எடுத்து, நமக்கென்று ஒரு மாறிலியாக டிஃபைன் செய்துகொள்வது. மற்ற எல்லா ஃபைலும் அதிலிருந்து பாதையைத் தொடங்கும். வேர்ட்பிரஸ் செய்வது இதுதான். டபிள்யூபி லோட் ஃபைலில் ஆப்ஸ்பாத் என்ற மாறிலி வரையறுக்கப்படுகிறது. பிளகின் ஃபைல்கள் பல முதல் வரியிலேயே அந்த மாறிலி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நின்றுவிடும். பிரவுசரில் அந்த ஃபைலை யாரும் நேரடியாகத் திறந்து ஓட்ட முடியாது என்பது கூடுதல் லாபம்.

இங்கே வேரியபிள் வேண்டாம், மாறிலியே வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். இன்க்ளூட் செய்த ஃபைலும் அழைத்த ஃபைலும் ஒரே வேரியபிள்களைப் பகிர்ந்துகொள்வதால், இடையில் யாராவது அதே பெயரில் வேறொன்றை எழுதிவிடலாம். ஃபங்ஷனுக்குள் போனால் அந்த வேரியபிள் தெரியவும் தெரியாது. பழைய காலத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து இருந்தது. ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற அமைப்பு திறந்திருந்தால், முகவரியில் வரும் மதிப்புகள் தாமாகவே வேரியபிள்களாகிவிடும். அடிவேர்ப் பாதையை வேரியபிளில் வைத்திருந்த புரோகிராம்களில் வெளியாள் தன் சர்வரின் முகவரியைத் திணித்து, தன் கோடை அங்கே ஓட்ட முடிந்தது. 2002-ல் பிஎச்பி 4.2 அதை இயல்பாக மூடியது. 2012-ல் 5.4 அடியோடு நீக்கியது.

அந்தக் கதை முடிந்தாலும் அதன் தம்பி இன்னும் இருக்கிறது. ‘பேஜ்’ என்று முகவரியில் வரும் சொல்லை அப்படியே இன்க்ளூட்டில் சேர்க்கும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன். முன்னால் டிர் மாறிலி போட்டாலும் இது பத்திரமாகிவிடாது. இரட்டைப் புள்ளிகளைக் கொடுத்து மேலே ஏறி வேறு ஃபைலைப் படித்துவிடலாம். அனுமதித்த பெயர்களை ஒரு அர்ரேயில் எழுதி, வந்த சொல் அதில் இருந்தால் மட்டும் அதற்குரிய ஃபைலைச் சேருங்கள். பயனர் கொடுத்த எழுத்து பாதைக்குள் நுழையவே கூடாது.

கம்போசர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. கம்போசர் என்பது பிஎச்பி லைப்ரரிகளை நிர்வகிக்கும் கருவி. 2012-ல் வந்த கம்போசரின் ஆட்டோலோடர், கிளாஸ்களுக்கு இன்க்ளூட் வரி எழுதும் வேலையையே எடுத்துவிட்டது. நேம்ஸ்பேஸுக்கும் ஃபோல்டருக்கும் உள்ள பொருத்தத்தை ஒரு முறை சொல்லிவிட்டால், பிஎஸ்ஆர் 4 விதிப்படி, கிளாஸ் தேவைப்படும்போது ஃபைல் தானாக வரும். புதிதாகத் தொடங்கும் புரோகிராமில் கிளாஸ்களுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்க மாட்டேன். மூன்று கிளாஸ்தான் என்றாலும் சரி.

ஆனால் அது எல்லாவற்றையும் மூடிவிடாது. ஆட்டோலோடரையே யாராவது சேர்க்க வேண்டும். லாரவெல் ஃபிரேம்வொர்க்கின் இன்டெக்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள், வெண்டார் ஃபோல்டரின் ஆட்டோலோட் ஃபைலை டிர் மாறிலி வைத்துத்தான் சேர்க்கிறது. கம்போசர் உருவாக்கும் ஃபைல்களுக்குள் போனாலும் பாதைகள் டிர் மாறிலியிலிருந்துதான் கட்டப்பட்டிருக்கும். அர்ரே திருப்பும் கான்ஃபிக் ஃபைல், டெம்ப்ளேட், மொழிக்கோப்பு எல்லாம் கிளாஸ் அல்ல. அவற்றுக்குப் பாதை வேண்டும். தனி ஃபங்ஷன்கள் உள்ள ஃபைலைக் கம்போசரின் ‘ஃபைல்ஸ்’ பட்டியலில் போடலாம், ஆனால் அது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறும்.

விண்டோஸில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றுபவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. கிளாஸ் பெயரும் ஃபைல் பெயரும் ஓர் எழுத்தில் மாறினாலும் ஆட்டோலோடருக்குக் கிடைக்காது. பாதையில் பின்சாய்கோடு எழுதுவதையும் நிறுத்திவிடுங்கள், முன்சாய்கோடு இரண்டிலும் ஓடும்.

ஆக, என் தேர்வு இப்படிப் போகும். புதிய வேலையா, கிளாஸ்களுக்குக் கம்போசர், மற்ற ஃபைல்களுக்கு டிர் மாறிலி. கம்போசர் நுழைய முடியாத பழைய வேலையா, அடிவேர் மாறிலி ஒன்று, அதை ஒவ்வொரு நுழைவு ஃபைலும் டிர் மாறிலியால் சேர்க்கட்டும். இரண்டு மூன்று ஃபைல் உள்ள சின்ன ஸ்கிரிப்ட்டா, டிர் மாறிலி மட்டும் போதும். இன்க்ளூடா ரெக்வயரா என்றால், இல்லாமல் ஓடவே முடியாத ஃபைலுக்கு ரெக்வயர். இன்க்ளூட் ஒரு வார்னிங் மட்டும் கொடுத்துவிட்டு மேலே போய்விடும், டேட்டாபேஸ் இணைப்பு இல்லாமல் பாதிப் பக்கம் காட்டும். ரெக்வயர் அங்கேயே நிறுத்திவிடும்.

மாற்றிய பிறகு சரிபார்க்க நான் செய்வது ஒன்று. டெர்மினலில் சர்வரின் அடிவேர் ஃபோல்டருக்குப் போய், அங்கிருந்து ஸ்கிரிப்ட்டின் முழுப்பாதையைக் கொடுத்து ஓட்டுவேன். அங்கே புரோகிராமின் ஃபைல் எதுவும் இருக்காது. நடப்பு ஃபோல்டரை நம்பியிருக்கும் பாதை ஒன்று மிச்சமிருந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சகத்தின் ஸ்கிரிப்ட்டை அப்படி ஓட்டியபோது ரெக்வயர் வரிகள் எல்லாம் தாண்டின, மின்னஞ்சல்களும் போயின. ஆனால் கடைசியில் லாக் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வார்னிங் வந்தது. இன்க்ளூட் மட்டுமல்ல, எஃப்ஓப்பன் போன்ற ஃபைல் திறக்கும் ஃபங்ஷன்களும் நடப்பு ஃபோல்டரிலிருந்துதான் பாதையைக் கணக்கிடுகின்றன. அந்த வரிக்கு முன்னாலும் டிர் மாறிலியைச் சேர்த்தேன். மறுநாள் காலையில் பார்த்தபோது, லாக் ஃபைலில் இரவு இரண்டு மணிக்கு எழுதப்பட்ட வரிகள் இருந்தன.